தலைதட்டி ஒரு டின்

அண்ணி,

இன்று காலை ராக்கிக்குத் தீனி எடுக்க மூட்டைக்குள் கையை விட்டேன். உங்கள் பால் டின்னில் ஊதுவத்தி வாசனை இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் பார்த்துவிட்டேன். நாய்த்தீனியும் சாமி அறையும் கலந்தாற்போல் ஒரு மணம். மூக்கைச் சுளித்தேன், கூடவே அழுகையும் வந்தது.

என் வாய் சும்மா இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அண்ணன் அந்த அல்சேஷன் குட்டியை உங்களுக்கு வாங்கி வந்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டேன். மூன்று வேளையும் இந்த டின்னில் அள்ளி, உள்ளங்கை ஓரத்தால் தலைதட்டித்தான் போடுவீர்கள். அவன் கிண்ணத்தை நக்கிவிட்டு உங்கள் முகத்தையே பார்ப்பான். நீங்கள் மூட்டையைக் கட்டிவிடுவீர்கள்.

"என்னா அண்ணி, ரேஷன் கடையா நடத்துறீங்க? பிள்ள பாவம்லா!"

"பெரிய சாதி நாய்டி இது. உடம்பு முந்திக்கிட்டா எலும்பு தாங்காது. மெதுவா வளரட்டும், என்னா அவசரம்?"

நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு யார் வந்தாலும் சாப்பிட வைத்து அனுப்பிய கை உங்களுடையது. அந்தக் கை ஒரு குட்டியிடம் ஏன் இப்படிக் கஞ்சத்தனம் காட்டுகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

அவனுக்கு நான்கு மாதம் நடக்கும்போது நீங்கள் போய்விட்டீர்கள். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள். மதியம் நீங்கள் இல்லை. ராக்கி உங்கள் சிலிப்பர் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டான். பார்த்தவர்களுக்கு மனசு கேட்குமா? துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஊட்டினார்கள். பக்கத்து வீட்டு மேரியக்கா பாலில் நனைத்த பிஸ்கட், எதிர்வீட்டில் ரொட்டி சானாய், கோழி ஈரல். எல்லோரையும் மிஞ்சியவள் நான்தான். தினமும் எலும்பு சூப்பு வைத்தேன். வளர்கிற பிள்ளை என்று, என் மூட்டுவலிக்குக் கொடுத்த கால்சியம் மாத்திரையையும் இடித்துக் கலந்தேன். அண்ணன் அரைத் தட்டோடு எழுந்துவிடுவார். அவருக்கு ஊட்ட முடியாத ஆத்திரத்தையெல்லாம் நாயிடம் தீர்த்துக்கொண்டேன் போலிருக்கிறது. இரண்டே மாதத்தில் கன்றுக்குட்டி மாதிரி ஆனான். லயமே மெச்சியது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் காலை வாசற்படி ஏறாமல் நின்றுவிட்டான். முன்னங்கால் இரண்டும் வளைந்திருந்தன. அண்ணன் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"அவ கையால வளத்தது இவன் ஒருத்தன்தான் செல்வி. இவனும் படுத்துட்டா நான் என்னா பண்றது?"

உங்களை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவர் அப்படி உடைந்து நான் பார்க்கவில்லை.

வேனில் போட்டு மலையிலிருந்து ஈப்போ டவுனுக்கு இறங்கினோம். மிருக டாக்டர் ஒரு சின்னப் பெண், நம் தமிழ்ப்பிள்ளை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "கால்சியம் யாரு குடுத்தது?" என்றாள். தரையைப் பார்த்தபடி கையைத் தூக்கினேன்.

"இன்னும் வளர்ற வயசுதான், நேராகலாம். ஆனா இந்த எக்ஸ்ட்ரா எல்லாத்தையும் நிப்பாட்டணும். பெரிய சாதி நாய்க்குட்டிக்கு உள்ள தீனி மட்டும், அளந்து."

அவள் காட்டிய அளவு கிட்டத்தட்ட உங்கள் டின்தான், அண்ணி.

வீட்டுக்கு வந்ததும் அதைத் தேடினேன். உங்கள் படத்துக்கு முன்னால் இருந்தது. பதினாறாம் நாள் யாரோ அதில் அரிசியை நிரப்பி ஊதுவத்தி குத்தியிருந்தார்கள். கும்பிட்டுவிட்டு அரிசியைக் கொட்டினேன், டின்னைக் கழுவினேன்.

அப்புறம் வீடு வீடாகப் போய், இனிமேல் அவனுக்கு எதுவும் போடாதீர்கள் என்றேன். மேரியக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"செத்தவ பேரச் சொல்லி ஒரு பிடி போடுறதையும் வேணாங்கிறியா?"

"அவங்க பேரச் சொல்லித்தான்க்கா வேணாங்கிறேன்."

ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, நாய்க்குப் பிஸ்கட் போட்ட பேரப்பிள்ளைகளை அதட்ட ஆரம்பித்ததும் அவர்தான்.

கால் உடனே நிமிரவில்லை. மாதக்கணக்கில் ஆனது. இடது காலில் இன்னும் லேசான வளைவு உண்டு, இருக்கட்டும். கியா பார்ம் சந்தையில் பூட்டிக் கிடந்த உங்கள் காய்கறிக் கடையைப் போன வாரம் அண்ணன் திறந்தார். முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ராக்கி ஒரே தாவலில் வேனுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

இன்று காலையும் அதே பார்வை பார்த்தான். என் கை இன்னும் குவித்துத்தான் அள்ளுகிறது, அண்ணி. உள்ளங்கை ஓரத்தால் தலைதட்டினேன். பின்னாலிருந்து அண்ணன் குரல்:

"என்னா செல்வி, ரேஷன் கடை தொறந்தாச்சா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எத்தனை நாளாயிற்று!

பசியாற அவருக்கு நாசி லெமாக் சோறு வைத்தேன். குவித்துத்தான் வைத்தேன், தலைதட்டவில்லை. முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டார்.