நிழலில் வைத்த தண்டுகள்

ஏப்ரல் 29, செவ்வாய்

தூறல். துணி காயப்போட்டு, எடுத்து, போட்டு, மறுபடி எடுத்தாயிற்று. இனி டிரையர்தான்.

செய்ய வேண்டியவை: நிலாவுக்குப் பள்ளி ஷூ. தயிர். சனிக்கிழமை ஷிஃப்டை யாரிடமாவது தள்ளிவிடுவது. அப்பாவின் டிக்கெட்டுக்கு ஜன்னல் சீட்.

அப்பாவுக்கு விசா மே கடைசியோடு முடிகிறது. வந்த நாள் முதல் எங்கள் ரானுயி வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து வீட்டுத் தோட்டத்தையே பார்க்கிறார். சமையலறையில் உதவ வந்தால் நான் விரட்டுகிறேன். டிவியில் வரும் எதுவும் புரிவதில்லை. சும்மா இருக்கத் தெரியாத மனிதரைச் சும்மா உட்கார வைப்பதைவிடப் பெரிய கொடுமை இல்லை. அதைத்தான் பாசமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீடு செஃபோவுடையது. சமோவாக்காரர். மகள் மெலேயும் அவரும்தான். பின்பக்கம் ஓடைவரை தாரோ. "ஏட்டி, நம்ம சேப்பங்கிழங்குதான் இது. இலையைப் பாரு, ஆனைக் காது கணக்கா!" என்று வந்த அன்றே அப்பா கண்டுபிடித்துவிட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் இவர் தமிழில், அந்தப் பக்கம் அவர் சமோவா மொழியில். மணிக்கணக்காக. என்னப்பா பேசினீர்கள் என்றால் "வெள்ளாமையப் பத்தி" என்பார். செஃபோ என்ற பெயர் வாயில் நுழையாமல் செப்பண்ணாச்சி ஆகிவிட்டது.

நேற்று செப்பண்ணாச்சியை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். நுரையீரல். மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து மெலேயின் மெசேஜ். வெள்ளிக்கிழமை பெருமழையாம், ஓடை ஏறுமாம். என் அப்பா தாரோ தாரோ என்று உயிரை எடுக்கிறார், உன் அப்பாவால் தோண்டி எடுக்க முடியுமா, கராஜ் திறந்திருக்கிறது.

படித்துச் சொன்னேன். அப்பா செருப்பைத் தேடி எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே.

மே 1, வியாழன்

மேகம் கறுத்துக் கிடக்கிறது. மழை இன்னும் இல்லை.

அப்பா முழுவதையும் எடுத்துவிட்டார். சுற்றி மண்ணைத் தளர்த்தி, ஒன்றுகூட வெட்டுப்படாமல். தலையைச் சீவி, வேரைச் சுரண்டி, கழுவி, கராஜில் சாக்கு விரித்துப் பெரிசு சிறிசாக அடுக்கியிருக்கிறார். கடைக்காரன்கூட இப்படி வைக்கமாட்டான். இலைகள் நியூஸ்பேப்பரில் சுருட்டி மெலே வீட்டு ஃப்ரிட்ஜில். தண்டில் இளசு எல்லாம் எனக்கு. மிச்சத்தை மாட்டுக்கு நறுக்குவதுபோலப் பொடியாக நறுக்கி அவர்கள் உரக்குழியில் போட்டு மண் மூடியாயிற்று. ஒரு துரும்பு கீழே கிடக்கவில்லை.

முழங்கைவரை அரிப்பு. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இங்க வந்ததுக்கு இன்னைக்குத்தான் சோறு செரிச்சிருக்கு."

தண்டுப் புளிக்குழம்பு. புளி தூக்கலாக விட்டேன், நாக்கு அரிக்கவில்லை. நிலாவே இரண்டாம் முறை கேட்டாள், "இட்ஸ் நாட் பேட், மா."

அடுக்கிய கிழங்கைப் போட்டோ எடுத்து மெலேக்கு அனுப்பினேன். பதிலுக்கு வரிசையாக இதயங்கள். "என் அப்பா சிரித்துவிட்டார்."

எனக்கு அழுகை வந்தது. நல்ல அழுகை.

மே 3, சனி

நேற்று கொட்டித் தீர்த்தது. ஓடை ஏறி, தாரோ இருந்த இடமெல்லாம் சேறு. உரக்குழியையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. "பாத்தியா, ஒரு நா பிந்தியிருந்தா அம்புட்டும் போயிருக்கும்." அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஷிஃப்ட் தள்ள முடியவில்லை. நியூ லின் ரயில் தாமதம். பார்மஸியில் எல்லோருக்கும் இருமல்.

வீட்டுக்கு வந்து, பின்வாசல் வாளியில் கிடந்த குஞ்சுக் கிழங்கை வேகவைத்து, உரித்து, மொறுமொறுவென்று வறுத்தேன். நமக்கென்று அப்பா எடுத்து வைத்தது என்று நினைப்பு. தட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"வாளியில இருந்ததையா வறுத்த? விதைக்கு வச்சதுட்டி அது! செப்பண்ணாச்சி வந்து எதை நடுவாரு?"

கராஜ் நிறையக் கிழங்கு இருக்கிறதே என்றேன். அவர் வறுவலைத் தொடவில்லை. நானும் என் வீட்டுக்காரர் ர.வும் நிலாவும் தின்று தீர்த்தோம். ருசியாக வேறு இருந்து தொலைத்தது.

மே 4, ஞாயிறு

வெயில். என்ன வெயிலோ.

மெலே வந்தாள். கூடவே பக்குரங்காவிலிருந்து அவள் தம்பி பெனி. இதுவரை ஃப்ளாட்டில் குடியிருந்தவன், இப்போதுதான் மண் உள்ள வீடு வாங்கியிருக்கிறான். ட்ரக் பின்னால் நனைத்த சாக்குகள். கராஜுக்குள் போய் அடுக்கைப் பார்த்து அசந்துவிட்டார்கள். பிறகு பெனி மூலைமூலையாகப் பார்த்தான். வெளியே போய் எலுமிச்சை மரத்தடியில் பார்த்தான்.

"தலைகள் எங்கே?"

எனக்குப் புரியவில்லை. மெ. கையால் காட்டினாள். கிழங்கின் தலையை ஒரு சீவல் கனத்துக்குத் தண்டோடு சேர்த்து வெட்ட வேண்டும். இலையைக் கழித்து நிழலில் சில நாள் போட வேண்டும். மறுபடி நட வேண்டும். அதுதான் நாற்று. நாம் பக்கக் கிழங்கைப் புதைக்கிறோம், அவர்கள் தலையை நடுகிறார்கள். இதைப் போய் யார் யாருக்குச் சொல்வார்கள்? அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை, அப்பாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை. நான் நடுவில் மெசேஜ் படித்துச் சொன்னவள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். செஃபோவின் தகப்பனார் தீவில் நட்ட வகை. செஃபோ இங்கே வந்தபோது கையோடு கொண்டுவந்தது. பிள்ளை பிறந்தால் அதற்கென்று ஒரு வரிசை. பிள்ளை தனி வீடு போனால் அந்த வரிசையின் தலைகள் அதனுடன் போகும். செஃபோ வந்த பிறகு தீவில் இலைநோய் விழுந்து அங்கே அந்த வகையே அற்றுப்போய்விட்டது. அப்படியே இருந்தாலும் இப்போது கொண்டுவர முடியாது. ஏர்போர்ட்டில் மண் ஒட்டிய செருப்பையே விடுவதில்லை. மெலே வரிசை, பெனி வரிசை, பிரிஸ்பேனில் இருக்கும் அண்ணன் வரிசை, எல்லாம் ஓடையோரம்தான் இருந்தன. பெனி தன்னுடையதை எடுத்துப்போகத்தான் வந்திருக்கிறான்.

தண்டைக் குழம்பு வைத்தோம், மிச்சத்தை நறுக்கி உரக்குழியில் போட்டோம், குஞ்சுக் கிழங்கையும் வறுத்துத் தின்றோம் என்று எப்படிச் சொன்னேன், என்ன வார்த்தை சொன்னேன், தெரியவில்லை. சொன்னேன்.

அதே நேரத்தில் அப்பா வேலியோரம் சிரித்துக்கொண்டு வருகிறார், கையில் டப்பா. மிச்சக் குழம்பு. "குடுட்டி, அவ்வொளும் ருசி பாக்கட்டும். அவ்வொ தோட்டத்துது."

மெ. வாங்கினாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "நன்றாக இருக்கிறது" என்றாள். பெனி ட்ரக்கில் ஏறி உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது மெ. என் கையைப் பிடித்து, "உன் அப்பாவிடம் சொல்லாதே. என் அப்பாவுக்காக முதுகு ஒடிய வேலை செய்தவர்" என்றாள்.

அவள் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

மே 6, செவ்வாய்

மழை, விட்டு விட்டு.

மெ.யுடன் ஆஸ்பத்திரி. செஃபோவின் அத்தனை பெரிய உடம்பு பாதியாகிவிட்டது. மாஸ்க்கை நகர்த்தி முதலில் கேட்டதே தலைகளைத்தான். மெ. தயங்காமல் பதில் சொன்னாள். பிறகு எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: "நிழலில் வைத்திருக்கிறோம், சாக்கு நனைத்துப் போட்டிருக்கிறோம் என்றேன்."

அவர் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். "உன் அப்பா தலையைத் தடிமனாக வெட்டினாரா என்கிறார்."

தலையாட்டினேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பார்க்கிங் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு அதையே வெகு நேரம் தேடினோம்.

மே 8, வியாழன்

கூட வேலை செய்யும் சாந்தியக்காவிடம் கொட்டிவிட்டேன். யாழ்ப்பாணம். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவர். "கடையில வாங்கி நட ஏலாதோ?" கடைக்கு வருவதெல்லாம் தலை வெட்டித்தான் வருகிறது. போதாததற்கு வேறு வகை என்றேன். "ஓம், அதுவும் சரிதான்." கொஞ்ச நேரம் மருந்து அடுக்கினார். "அவையளின்ட முகத்தில எப்பிடியடியப்பா முழிக்கிறாய்?"

அதுதான் தெரியவில்லை.

கராஜில் இருந்ததில் சிலவற்றை மெ. தொட்டியில் புதைத்தாள், முளைக்கண் ஏதாவது விடுமா என்று. அப்பாதான் கண்ணே இல்லாமல் சுரண்டி வைத்திருக்கிறாரே. அத்தனை சுத்தம். சின்ன வயதில் என் நோட்டுக்கு அட்டை போட்டுத் தருவாரே, அதே சுத்தம். அதை நினைத்தால் கோபமும் வருகிறது, கோபப்பட்டதற்கு அழுகையும் வருகிறது.

மே 10, சனி

விடியும்போது செஃபோ போய்விட்டார்.

அப்பாவிடம் சொன்னேன். ஜன்னலைவிட்டு எழுந்துபோய்க் குளித்தார். ஈரத் தலையோடு வேலியோரம் நின்றார். "நல்ல மனுசன். கடைசியா வெள்ளாமைய வீடு சேத்துட்டோம்லா, அந்த ஒரு நிம்மதி."

மே 17, சனி

காற்று. தூறல். குளிர்.

அடக்கம். சர்ச் நிறைய வெள்ளைச் சட்டை. பாட்டுக்குமேல் பாட்டு. அப்பா ர.வின் கோட்டில், தோள் தொங்க. சாப்பாட்டில் அப்பா தோண்டிய கிழங்குதான், தேங்காய்ப்பாலில். முதல் தட்டு, பெரிய துண்டு, குடும்பப் பெரியவர்களோடு அப்பாவுக்கு. பெனிதான் கொண்டுவந்து வைத்தான். குனிந்து, இரண்டு கையாலும்.

அந்த நேரம் மாங்கெரேயிலிருந்து ஒரு சொந்தக்காரர் வந்தார். ஈரச் சாக்கில் சுற்றிய கட்டு ஒன்றை மெ. காலடியில் வைத்தார். அவர்கள் வீட்டு வகையாம். வேறு வகை என்றாலும் தோட்டம் காலியாகக் கிடக்கக் கூடாது என்று. சாக்கு விலகி, தண்டுகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சீவல் கிழங்கு.

அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டார். யாரும் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

காரில் மோட்டார்வே ஏறியதும் அப்பா கேட்டார்.

"தலையத்தான் நடுவாவளோ?"

"ஆமாப்பா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"அந்தப் பிள்ளைக்கும்?"

வைப்பர் சத்தம். நிலா ஹெட்ஃபோனில். ர. ரேடியோவை வைத்தார், உடனே நிறுத்தினார்.

மே 18, ஞாயிறு

அப்பா காலையிலிருந்து அவர்கள் தோட்டத்துச் சேற்றில். மண்வெட்டி வேண்டாமாம், முளை ஏதாவது மிஞ்சியிருந்தால் பட்டுவிடுமாம். கையாலேயே துழாவுகிறார். கூப்பிட்டேன். மெலேயும் கூப்பிட்டாள். ர. போய்த் தோளைப் பிடித்தார், உதறிவிட்டார். டீ கொடுத்தால் வாங்கி, குடிக்காமல், வேலிக் கட்டைமேல் வைத்துவிட்டு மறுபடி.

நான் என்ன செய்ய? குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் நகர நகர நானும் நகர்ந்தேன்.

மே 20, செவ்வாய்

கிடைத்துவிட்டது. ஓடைக்கரைக் கல்லுக்கு இடையில் ஒரு முளை. சுண்டுவிரல் கனம், சுருண்ட ஒரே இலை. யாருடைய வரிசை என்று மெ.யால் சொல்ல முடியவில்லை. "இருந்தால் போதும்."

அப்பா அவளைப் பார்த்துக் கைகூப்பினார். ஒரு வார்த்தை ஆங்கிலம் முயன்றார், வரவில்லை. மெ. அப்படியே அவரைக் கட்டிக்கொண்டாள். அப்பா வாழ்நாளில் இப்படி யாரிடமும் அகப்பட்டதில்லை. கூப்பிய கை நடுவில் மாட்டிக்கொண்டது.

பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு நட்டார். என்னிடம்தான் இருக்க வேண்டுமாம். எங்கள் லாண்டரி அறையில்தான் வெயில் விழும்.

மே 24, சனி

ஏர்போர்ட். பெட்டி எடை கூடுதல், ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்தோம். கடைசிவரை வாளிப் பேச்சு. "ஊத்தாம விட்டுராத. ஊத்தி ஊத்தியும் கொன்னுராத. பனி விழுந்தா சாக்கு போட்டு மூடு." பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றுகொண்டு ஜாடையில் காட்டினார், வாளி, மூடு, என்று.

ஜன்னலோர நாற்காலி காலி. அதில் துணி மடித்துப் போடுகிறேன்.

ஜூன் 5, வியாழன்

குளிர். இங்கே இதுதான் குளிர்காலம். ஹீட்டர் நாள் முழுக்க.

மெ. தொட்டியில் புதைத்த கிழங்கெல்லாம் அழுகிவிட்டது. மாங்கெரே தண்டுகள் ஓடையோரம் நன்றாகப் பிடித்துவிட்டன. அவற்றைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல், பாவம் அவை என்ன செய்தன.

வாளி: இலை ஓரம் மஞ்சள். வெயிலில் வைத்தேன். உள்ளே எடுத்தேன். யூடியூபில் ஒருவர் தண்ணீர் நிற்க வேண்டும் என்கிறார், இன்னொருவர் நிற்கவே கூடாது என்கிறார்.

அப்பா தினமும் போன். பேத்தியைக்கூட இரண்டாவதாகத்தான் கேட்கிறார்.

ஜூன் 15, ஞாயிறு

இலை போய்விட்டது. தண்டு நிற்கிறது. புதுக் குருத்து மாதிரி ஒன்று. ர. அது பழைய தோல் என்கிறார். அவரோடு சண்டை.

ஜூன் 21, சனி

உறைபனி. புல் முழுக்க வெள்ளை.

தண்டு சாய்ந்துவிட்டது. மெ. வந்து விரலால் அழுத்திப் பார்த்தாள். கொழகொழ. அடியில் உயிர் இருக்கலாம் என்றேன். தோண்டிப் பார்ப்போமா என்றாள். கரண்டியை எடுத்துவந்தேன். யார் தோண்டுவது? கரண்டியை வாஷிங் மெஷின்மேல் வைத்துவிட்டோம்.

போன். அப்பா. வீடியோவில் காட்டச் சொன்னார். கேமரா சரியில்லை என்றேன்.

"எப்படிட்டி இருக்கு?"

மெலேக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்குப்பா. நிழல்ல வச்சிருக்கோம்."