சீர் ஆடும் புழுவின் வம்சமும்

என் சரசக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் ஆடு மாடு உண்டா? இருந்தால் இந்நேரம் பட்டிக்குள் புகுந்து ஒரு குட்டியையாவது மடியில் போட்டிருப்பாய். அங்கே உன்னைத் தடுக்க மாமியார் இல்லையே. கோபித்துக்கொள்ளாதே, சண்டை இழுக்க எழுதவில்லை. மனசு லேசாகிக் கிடக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

முதலில் நல்ல சேதி. உன் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நாமக்கல் பக்கம், ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளை லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறார். பேச்சு கம்மி, சாப்பாடு ஜாஸ்தி. கவிதாவோடு ஒரு செம்மறியும் சீராகப் போயிருக்கிறது. ஆமாம் அக்கா, ஆடுதான். அதுவும் உன் மாமியார் பட்டியிலிருந்து. நீ நம்ப மாட்டாய், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நீ வெண்ணந்தூரை விட்டுத் திருச்செங்கோட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனபோது, வழக்கப்படி அப்பா ஒரு சினை ஆட்டையும் உன்னோடு அனுப்பினார். அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. உன் மாமியாரின் ஆடுகள் தாடை வீங்கி, இமை வெளுத்து, ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. நம் ஆடு மட்டும் இரட்டைக் குட்டி போட்டுக் கொழுகொழுவென்று நின்றது. அதுவே உனக்கு வினையாகப் போயிற்று. “எங்காடெல்லாம் சாவுது, இவ ஊட்டு ஆடு மட்டும் கொழுக்குது. இவ காலடி வெச்ச நேரம் அப்பிடி” என்றார் உன் மாமியார். அன்றிலிருந்து பட்டியின் வாசல் படலை நீ தொடக்கூடாது என்றாகிவிட்டது.

தண்ணீர்க் குடத்தோடு படலுக்கு வெளியே நீ நின்ற கோலத்தை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! தாய் செத்த குட்டிகளை மட்டும் சத்தமில்லாமல் உன் அடுப்படியில் கொண்டுவந்து விடுவார்கள். புட்டிப்பால் கொடுத்து நீ தேற்றிவிட்டால் மறுபடி பட்டிக்குப் போய்விடும். அதற்கு மட்டும் உன் ராசி ஆகுமா என்று நான் கத்துவேன். நீ, “சும்மா இரு புள்ள, குட்டி பொழச்சாச் சரி” என்பாய். எனக்கு அப்போது உன் மேல்தான் ஆத்திரம் வரும்.

நீ கண்ணை மூடிய பிறகு வந்த மழையில் ஆடுகள் மறுபடியும் விழுந்தன. பூச்சி மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. பழி போட நீ இல்லை. உன் மாமியாரின் கண் கவிதா பக்கம் திரும்பியது. “ஆத்தா ராசி புள்ளைக்கு வராமப் போகுமா?” என்று அவர் யாரிடமோ சொன்னது மாப்பிள்ளை வீடுவரை போய்விட்டது. அவர்கள் நல்லவர்கள்தான். ஆனாலும் ஆட்டை நம்பிப் பிழைக்கிறவர்கள். “பொறுத்துப் பார்க்கலாமுங்க” என்று பேச்சைத் தள்ளிவைத்தார்கள். உன் தலையெழுத்தை உன் பெண் தலையிலும் எழுதுகிறார்களே என்று கொதித்தேன்.

உன் பெண் உன்னைப்போல் இல்லை அக்கா, என்னைப்போல. “செத்த ஆட்டுக்குச் சோசியம் பாக்கறதுக்குப் பதிலா டாக்டரைப் பாக்கலாம் சின்னம்மா” என்று ஆட்டுப் புழுக்கையை உன் பழைய டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு நாமக்கல்லுக்கு பஸ் ஏறிவிட்டாள். பக்கத்து சீட்டு அம்மா, “புளிச்சோறா சாமி?” என்று கேட்டாராம். இவளும் “ஆமாங்க” என்று சொல்லி மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாளாம்.

கால்நடை டாக்டரம்மா பட்டிக்கே வந்து பார்த்தார். ஆட்டின் வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு இருக்கிறது. அதன் முட்டை புழுக்கையோடு விழுந்து, ஈரத்தில் பொரிந்து, குஞ்சுப்புழு புல்லில் ஏறிக்கொள்ளும். மேய்கிற ஆட்டுக்குள் போய்விடும். அதனால்தான் மழைக்காலத்தில் சாவு அதிகம். மருந்து எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டதும், உன் மாமியார் உள்ளே போய்ப் பெருமையாக ஒரு பாலாடையை எடுத்துவந்தார். கவிதாவுக்கு நீ மருந்து புகட்டிய அதே பாலாடை! கிடாய்க்கும் அதுதான் அளவு, குட்டிக்கும் அதுதான் அளவு. எல்லா ஆட்டுக்கும் வரட்டும் என்று தண்ணீர் வேறு கலப்பாராம்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். “கொறைச்சுக் குடுத்தா நோஞ்சான் புழு சாகும், தாங்கற புழு மிஞ்சும். அப்புறம் பட்டியில பெருகறதெல்லாம் மிஞ்சினதோட வாரிசு. மருந்துக்கு அசராத கொணம் அதுங்க மரபணுவுலயே எறங்கிருதுங்க.” மழை பெய்கிற வெப்ப நாடுகள் பலவற்றில் இதே தலைவலியாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்களே, அந்தப் புழுக்களும் ஒருநாள் இப்படித் தேறிவிடக்கூடாதே என்று கவனித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

அப்புறம் டாக்டரம்மா, “ஆடு எந்தெந்த ஊருக்குப் போகும், வரும்?” என்று கேட்டார். கவிதா, “பொண்ணு குடுக்கற ஊருக்கெல்லாம் போகுமுங்க” என்றாள். “அப்பப் புழுவும் அதே வழியில சம்பந்தம் பண்ணியிருக்கும்” என்று சொல்லி, மரபணுவை ஒத்துப்பார்க்க வெண்ணந்தூரில் நம் பட்டிப் புழுக்கையையும் கேட்டார்.

நான் தயங்கினேன் அக்கா. நம் ஆட்டின் புழுவும் அந்தப் புழுவும் ஒரே வம்சம் என்று வந்துவிட்டால்? உன் மாமியார் வாயால் சொன்ன பழிக்கு ஆஸ்பத்திரிச் சான்றிதழ் கிடைத்த மாதிரி ஆகிவிடாதா? கவிதாவின் கல்யாணம் என்ன ஆகும்? பிறகு உன்னை நினைத்தேன். உன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று இத்தனை வருஷம் கத்தியவள், சோதனைக்குப் பயந்தால் எப்படி? அள்ளிக் கொடுத்துவிட்டேன். முடிவு வரும்வரை பட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த ஆடுகளைத் திட்டிக்கொண்டேதான் போனேன்.

அப்பாடா! நம் பட்டிப் புழு வேறு வம்சம். பழைய மருந்துக்கே செத்துவிழுகிற சாதுப் புழு. உன் மாமியார் வீட்டுப் புழுவின் உறவெல்லாம், அவர்கள் வீட்டுக் கிடாயை இனச்சேர்க்கைக்கு ஓட்டிப்போன அக்கம்பக்கத்துப் பட்டிகளில்தான் இருந்தன. போனில் முடிவைச் சொன்ன டாக்டரம்மா நேர்மையானவர். “அந்தக் காலத்துல செத்த ஆட்டைப் பத்தி இன்னிக்கு நான் அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. இப்ப இருக்கற புழு வெண்ணந்தூர்ல இருந்து வந்ததாத் தெரியலை” என்றார். எனக்கு அது போதும். போனைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

மிச்சத்தை உன் மாமியாரே சொன்னார். பாலாடையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், “அவ செத்தப்பறமும் ஆடு சாவுதே. அப்ப அவ என்ன பண்ணுனா?” என்றார். அன்றைக்கே ஆள் அனுப்பித் தராசு வாங்கினார். இப்போது ஆட்டை நிறுத்துத்தான் மருந்து, அதுவும் புது மருந்து. மாப்பிள்ளை வீட்டாரையும் அவரே கூப்பிட்டுப் பேசினார். சீருக்கென்று ஒதுக்கிய ஆட்டைத் தனியாகக் கட்டி, புழுக்கையில் முட்டை இல்லை என்று பார்த்த பிறகுதான் அனுப்பினோம். பெண்ணுக்கு ஜாதகம், ஆட்டுக்குப் புழுக்கை என்று மாப்பிள்ளைகூடச் சிரித்தார்.

கல்யாணம் முடிந்து கவிதா மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும் நேரம். உன் மாமியார் படலை இழுத்துத் திறந்துவிட்டுத் திரும்பினார். பட்டுச்சேலையில் கவிதா அச்சு அசல் உன்னைப்போல நின்றாள். “சரசு, உள்ள வா சாமி. சீர் ஆட்டை நீயே புடிச்சுக்கோ” என்றார்.

பேர் மாறிப்போனது அவருக்கும் தெரிந்தது. திருத்தவில்லை. கவிதா என்னைப் பார்த்தாள். பிறகு உன் பேரில் கூப்பிட்டதற்கே “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் படலைத் தாண்டி உள்ளே போனாள்.

ஒன்று மட்டும் சத்தியம் அக்கா. இனி நம் இரண்டு வீட்டிலும் எந்த ஆடு விழுந்தாலும் முதலில் புழுக்கையைத்தான் பார்ப்போம். உன் மகளின் காலடியைப் பார்க்க யாரையும் நான் விட மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள், உன் வாய் மட்டுமே ‘புள்ள’ என்று கூப்பிட்ட
வசந்தி