சூடு ஆறாத விடுப்புக் கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு, முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

நேற்று அலுவலகத்தில் ஒரு கூத்து. எங்கள் அலுவலக டிரைவருக்கு ஊரில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இந்த நாட்டில் கம்பெனி தரும் விடுப்புக் கடிதம் கையில் இருந்தால்தான் மதிய விமானத்தில் ஊருக்குப் போக முடியும். பிரிண்டரோ அசைந்து கொடுக்கவில்லை. ஒயரை மாற்றினேன், அணைத்துப் போட்டேன், ஒன்றும் பலிக்கவில்லை. பிறகுதான் கவனித்தேன்: போன வாரம் கழற்றி எறிந்த பழைய பிரிண்டருக்கே கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருந்தது. புதியதைத் தேர்ந்தெடுத்ததும் கடிதம் வந்துவிட்டது.

சூடு ஆறாத தாளோடு ஓடியவர் வாசலில் நின்று, “அக்கா, நீங்க எப்போ ஊருக்குப் போவீங்க?” என்றார்.

“முதல்ல நீ கிளம்புப்பா” என்றேன்.

உன்னிடம் வளரும் என் பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பம்மா. செருப்புக் கடையில் அளவு கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மேலாளர் கூப்பிடுகிறார்.

உன் மகள்