சரிசெய்ய ஒன்றுமில்லாத வீடு

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
4.4.2024

மரியே வாழ்க

அன்புள்ள நான்சி அப்பாவுக்கு,

ஆனந்தமேரி எழுதுவது. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது, கொஞ்ச நாள் கடிதம் எழுதிப் பாருங்கள் என்று பங்குச் சாமியார் நம் இருவரிடமும் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. திண்டுக்கல்லுக்கும் வேடசந்தூருக்கும் நடுவே யார் கடிதம் எழுதுவார்கள்? ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன். யார் முதலில் எழுதுவது என்று பார்த்துக்கொண்டிருந்தால் கோடையே முடிந்துவிடும்.

ஃபிரிட்ஜ் மறுபடியும் நின்றுவிட்டது. போன மாதம்தான் மெக்கானிக் அக்பர் அலி வந்து கேஸ் அடித்துவிட்டுப் போனார். அதற்கு முன்னால் தெர்மோஸ்டாட். கொடுத்த பணமெல்லாம் நான்சியின் ஹாஸ்டலுக்குக் கட்ட வைத்திருந்தது. இந்தத் தடவை ஆட்டி வைத்த மாவு முழுக்கப் பொங்கி வழிந்து காய்கறித் தட்டு வரை இறங்கிவிட்டது. மாவு வாங்க வந்த வினோலியா டீச்சர், "என்னக்கா, நேத்து மாவும் புளிச்சுல்ல கெடந்துச்சு" என்று வெறும் தூக்குவாளியோடு திரும்பிப் போனார். இதை நம்பித்தான் மாவு வியாபாரம். எந்த வேலை செய்தாலும் காது அதன்மேலேயே இருக்கிறது. ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று பைத்தியம் பிடிக்கிறது.

எனக்கு நாலு நாளாகக் காய்ச்சல். மில் மெஸ்ஸில் சோறு எப்படி? தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ஏதாவது வைக்கிறார்களா, இல்லை வெறும் ரசம்தானா?

கோபம் பாதி ஆறிய,
ஆனந்தமேரி


மில் குவார்ட்டர்ஸ், வேடசந்தூர்
9.4.2024

அன்புள்ள மேரிக்கு,

கடிதம் கிடைத்தது. கேஸ் குறைந்திருக்க வாய்ப்பே இல்லை. அக்பர் அலிக்குக் கேஸை விட்டால் வேறு வைத்தியம் தெரியாது. கோடையில் நம் தெருவுக்குக் கரண்ட் கம்மியாக வரும். கம்ப்ரஸர் திணறும். கோளாறு அங்கேதான். ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பார். சூடு பொறுக்கிற அளவா, பொறுக்காத அளவா என்று எழுது. ஐஸ் எந்த மூலையில் முதலில் உருகுகிறது என்றும் எழுது.

மில்லில் கழித்துப் போட்ட ஸ்டெபிலைசர் ஒன்றுக்கு நானே செம்புக் கம்பியால் காயில் சுற்றி வைத்திருக்கிறேன். மில் பஸ் ஓட்டுகிற முத்துச்சாமி வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தருவார். இதற்குப் பிறகும் ஃபிரிட்ஜ் நின்றால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

புதிது வாங்கலாம் என்ற பேச்சே வேண்டாம். அதன் பாடி அத்தனையும் இரும்பு. இப்போது வருவதெல்லாம் தகரம்.

வேறு விசேஷம் இல்லை.

பாஸ்கல்


மேட்டுப்பட்டி
18.4.2024

அன்புள்ள நான்சி அப்பாவுக்கு,

ஸ்டெபிலைசர் வந்து சேர்ந்தது. முத்துச்சாமி அண்ணன், "பாத்து வைங்கம்மா, பாஸ்கல் இதுக்காகச் சாப்பாட்டு நேரத்துலகூட எந்திரிக்கலை" என்று சொல்லிக் கொடுத்தார். எனக்கு மனசு இளகிவிட்டது. மாட்டியதும் ஃபிரிட்ஜ் நன்றாகத்தான் ஓடியது. எங்க வீட்டுக்காரர் செய்தது என்று தெருவெல்லாம் சொல்லி, ஒரு பிள்ளையின் புதுநன்மை விருந்துக்கு மாவு தருவதாகவும் ஒத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒரே கருகல் நாற்றம். அக்பர் அலி வந்து பார்த்துவிட்டு ஸ்டெபிலைசரைக் கழற்றிக் கீழே வைத்தார். "தப்பா நெனைக்காதீங்கக்கா. அண்ணன் சுத்துன காயிலு கரண்டைக் கூட்டி விட்டுருச்சு. கம்ப்ரஸர் எரிஞ்சுபோச்சு." புதிய கம்ப்ரஸர் போடுகிற காசுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புது ஃபிரிட்ஜே வருமாம். விருந்து ஆர்டரை வேறு ஒருவருக்கு விட்டுக்கொடுத்தேன்.

உங்களைத் திட்டத்தான் காகிதத்தை எடுத்தேன். அதற்கு முன் உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். கம்ப்ரஸர் இருக்கிறது, ஐஸ் இருக்கிறது, பாடி இருக்கிறது. எனக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தேன், அதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

ஜனவரியில் அந்தோணியார் திருவிழாவுக்கு எங்கள் அண்ணன் வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்டு அதன் பின்னால் உட்கார்ந்திருந்தீர்கள். நான் கத்தினேன். நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனவர்தான். நான் கத்தியது ஃபிரிட்ஜுக்காக இல்லை. இத்தனை வருடம் குடும்பம் நடத்திய பிறகு அதையும் எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனந்தமேரி


வேடசந்தூர்
22.4.2024

அன்புள்ள மேரிக்கு,

காயில் எப்படித் தப்பாகப் போனது என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். கம்ப்ரஸர் செலவு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை எல்லாச் சாமானோடும் வருகிறேன். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் ஓட வைத்துவிடலாம். அதுவரை அதை யாரும் தொட வேண்டாம், அக்பர் அலியும்தான்.

காய்ச்சல் விட்டதா? மாத்திரை சாப்பிடு.

திருவிழா விஷயத்தை இனி எழுதாதே. படித்தால் வேலை ஓடமாட்டேன் என்கிறது.

பாஸ்கல்


மேட்டுப்பட்டி
25.4.2024

அன்புள்ள நான்சி அப்பாவுக்கு,

சாமானைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். வந்தால் ஏமாந்துபோவீர்கள். ஃபிரிட்ஜைப் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். மகளிர் குழுவில் கடன் வாங்கிப் புதிது எடுத்தாயிற்று. நீங்கள் சொன்ன தகரம்தான். ஆனால் மாவு புளிக்கவில்லை. வினோலியா டீச்சர் மறுபடி வாங்க வருகிறார்.

பழையது போகும்போது வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். பயமாகத்தான் இருந்தது. அது கெட்டுப்போனால்தானே உங்கள் நினைப்பு இந்த வீட்டுப் பக்கம் திரும்புகிறது? அதையும் அனுப்பிவிட்டோமே என்று வண்டி போன பிறகும் தெருவிலேயே நின்றேன்.

உள்ளே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கிரைண்டர் ஓடுகிறது. மிக்ஸி ஓடுகிறது. குழாய் ஒழுகவில்லை, ஃபேன் சத்தம் போடவில்லை. நீங்கள் வந்து சரிசெய்ய இங்கே ஒன்றுமே இல்லை.

அப்படியும் வரத் தோன்றினால் வாருங்கள். தோன்றாவிட்டால் அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். இனிமேல் என்னால் வாசலைப் பார்த்துக்கொண்டே மாவு ஆட்ட முடியாது.

ஆனந்தமேரி


வேடசந்தூர் பஸ் நிலையம்
5.5.2024, ஞாயிறு

மேரி,

இதைத் தபாலில் போடவில்லை. கையில் கொண்டுவருகிறேன்.

திண்டுக்கல் பஸ் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஏறப்போய் இறங்கிவிடுகிறேன். உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சரியான கோபம். இரும்புக்காரருக்குப் போட உனக்கு எப்படி மனசு வந்தது என்று மில்லில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லித் தீர்த்தேன். மூன்று நாளில் கோபம் காலி. அதற்குப் பிறகு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது, மேரி. விருந்தாளி வந்தால் என்ன பேசுவது என்று தெரியாது. உன்னோடு தனியாக இருந்தாலும் அப்படித்தான். எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நீ பக்கத்தில் வந்து நிற்பாய், டார்ச் பிடிப்பாய், திட்டுவாய். எனக்கு அது போதுமாக இருந்தது. உனக்குப் போதவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு வெறுங்கையோடு வருகிறேன். வந்து நின்றாலும் வாயில் வார்த்தை வராது. அதனால்தான் இதை எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு நிற்கப்போகிறேன். படித்ததும் திற. கோபம் இருந்தால் அது தீர்ந்தபிறகு திற. திரும்பிப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று நான் கேட்டுக்கொண்டு வரவில்லை.

வெளியே நிற்கும்,
பாஸ்கல்