கோடு போடாத கட்டங்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நலம் என்றால் காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லை என்று அர்த்தம். தூக்கம் மட்டும்தான் பாக்கி. காலை ஐந்தரைக்குப் பயிற்சி வகுப்பு, பிறகு பள்ளி, பிறகு மறுபடியும் பயிற்சி வகுப்பு. நேற்று பேருந்தில் நின்றபடியே தூங்கி, இரண்டு நிறுத்தம் தள்ளிப்போய் இறங்கினேன். மருத்துவமனைச் சலவையறையில் அம்மாவுக்கு இந்த மாதமும் இஸ்திரி மேடைதான். நாள் முழுக்க நின்று படுக்கை விரிப்புகளைத் தேய்த்துவிட்டு வருகிறாள். சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, யார் முதலில் எழுந்து விளக்கைப் போடுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதனுடன் கல்லூரி விண்ணப்பம் வைத்திருக்கிறேன். ஒரே படிவத்தில் மூன்று கல்லூரிகள் வரை கேட்கலாம். எது இடம் கொடுக்கிறதோ அதில் சேரலாம். முதல் கட்டத்தில் நீங்கள் சொன்னபடி நம் ஊர்க் கல்லூரி, கணக்கியல் என்று எழுதிவிட்டேன். மற்ற இரண்டையும் வகுப்பு டீச்சரைக் கேட்டு நிரப்பிக்கொள்கிறேன். நீங்கள் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினால் போதும்.

மார்ச் ஐந்து கடைசி நாள். உங்கள் சுரங்க முகாமில் தொலைபேசி எடுப்பதில்லை, சாமான் லாரியும் வாரம் இரண்டு முறைதான் தபால் கொண்டுவரும் என்பதால் இப்போதே அனுப்புகிறேன்.

உங்கள்
எலிக்குட்டி

பிப்ரவரி 9

அன்புள்ள எலிக்குட்டிக்கு,

படிவம் வந்தது. எழுத்து அழகாக இருக்கிறது. பேனா மூடியை இன்னும் கடிக்கிறாயா? உனக்கு இந்தப் பெயரை வாங்கிக் கொடுத்த பழக்கம் கல்லூரிக்கும் கூடவே வரும் போலிருக்கிறது.

சுரங்கப்பாதை அறுநூறு மீட்டரைத் தாண்டிவிட்டது. துளை போட்டு எடுக்கும் பாறை உருளைகள் எல்லாம் என் ஸ்டோருக்குத்தான் வருகின்றன. மரத்தட்டில் அடுக்கி, எந்த ஆழத்தில் எடுத்தது என்று எழுதி வைக்கிறேன். போன வாரம் ஒன்றில் பச்சை நரம்பு ஓடியது. அதிலிருந்து உதிர்ந்த சில்லு ஒன்றை வழக்கம்போல் உனக்கு அனுப்புகிறேன். இன்ஜினியரிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். காலியாக இருந்த இரண்டு கட்டங்களிலும் குறுக்குக்கோடு இழுத்து, கோட்டின் இரு முனையிலும் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன். நமக்கு வேண்டியது ஒன்று, அது எழுதியாகிவிட்டது. காலி இடம் விட்டுக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். உனக்கு அப்போது ஆறு வயது. ஸ்டோரிலிருந்து சாமான் கொடுக்க நான் ஒப்பமிட்ட சீட்டின் காலி வரியில் யாரோ பின்னால் இரண்டு பீப்பாய் டீசலை எழுதிச் சேர்த்தார்கள். பழி என்மேல் விழுந்து, ஒன்பது மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். உன்னைத் தினமும் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போனது அப்போதுதான். உனக்கு அது நல்ல காலமாக நினைவிருக்கும்.

உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கேட்டு வாங்கச் சொல் அம்மாவை. நீ உள்ளூரிலேயே படிக்கப் போகிறாய், அவளுக்குத் துணை இருக்கும் என்பதுதான் இங்கே எனக்குள்ள ஒரே நிம்மதி.

அன்புடன்
அப்பா

பிப்ரவரி 14

அன்புள்ள அப்பாவுக்கு,

கல் வந்தது. படிவமும் வந்தது.

பள்ளி அலுவலகத்தில் காட்டினேன். அடித்தது அடித்ததுதான், அதன்மேல் எழுதினால் நிராகரித்துவிடுவார்கள் என்கிறார்கள். அங்கிருக்கும் எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “உங்கப்பா என்ன போலீஸா? கோட்டுக்கு ரெண்டு பக்கமும் காவல் போட்டிருக்காரே” என்றார். புதுப் படிவம் வேண்டுமென்றால், பழையது வீணானது எங்கள் தவறுதான் என்று கையெழுத்துப் போட்டவரிடமிருந்தே கடிதம் வர வேண்டுமாம். எழுதி அனுப்புவீர்களா? மூன்று கட்டமும் நிரம்பியிருப்பதுதான் நல்லது.

நேற்று மாதிரித் தேர்வு. மூன்றாவது மணி நேரத்தில் கேள்வி கண்ணுக்குத் தெரிந்தது, மண்டைக்குள் போகவில்லை. இதற்கு மேல் எழுத விரல் மடங்கவில்லை.

உங்கள்
எலிக்குட்டி

பிப்ரவரி 18

அன்புள்ள எலிக்குட்டிக்கு,

கடிதம் இணைத்திருக்கிறேன். தவறு முழுக்க என்னுடையது என்று தலைமையாசிரியருக்கு எழுதியிருக்கிறேன். இருபத்தாறு வருட வேலையில் அப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. டீசல் விசாரணையில் எவ்வளவோ கேட்டும் எழுத மறுத்தவன் நான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என்னிடம் வரும் ஒவ்வொரு சீட்டுக்கும் கேட்கிற கேள்விதான். இந்தக் காலி இடத்தில் என்ன வரப்போகிறது? டீச்சரைக் கேட்டு நிரப்புவதாக எழுதினாய். டீச்சர் என்ன சொன்னார் என்று எழுதவில்லை.

சாப்பாட்டை மட்டும் விடாதே.

அப்பா

பிப்ரவரி 22

அன்புள்ள அப்பாவுக்கு,

டீச்சர் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை.

இரண்டாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று எனக்கு நவம்பரிலேயே தெரியும். ரயிலில் பதினான்கு மணி நேரம் போக வேண்டிய கல்லூரி. நிலவியல், பாறையையும் மண்ணையும் பற்றிய படிப்பு. நீங்கள் அனுப்பிய கற்கள், பச்சை நரம்போடு சேர்த்துப் பன்னிரண்டு, என் மேசையில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எத்தனை மீட்டர் ஆழம் என்று உங்கள் எழுத்தில் ஒட்டிய சீட்டு. மற்றதைப் படித்துச் சலித்துப்போகும்போது அவற்றைத்தான் கையில் எடுக்கிறேன். அவற்றைப் பார்க்கும்போது மட்டும் தூக்கம் வருவதில்லை.

உங்களிடம் சொல்லியிருந்தால், அம்மாவைத் தனியே விட்டுவிட்டா என்று கேட்டிருப்பீர்கள். அதனால் உங்கள் கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டீசலை எழுதிய ஆளும் இப்படித்தான் நினைத்திருப்பார். தவறு உங்களுடையது என்று நீங்கள் எழுதியிருந்ததைத் தலைமையாசிரியர் என் முன்னால் வாசித்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

புதுப் படிவம் இதோ. நான் ஒன்றும் எழுதவில்லை. உங்களுக்குச் சரி என்று படுவதை எழுதி, மீதியில் கோடு போட்டு அனுப்புங்கள். அப்படியே கொடுத்துவிடுகிறேன். சண்டை போடத் தெம்பில்லை.

உங்கள் மகள்

பிப்ரவரி 27

அன்புள்ள மகளுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபம் வந்தது. அதை எழுதிப் பயனில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் கட்டத்தில் கணக்கியல் என்று எழுதக் கை போனது. எழுதுவதற்கு முன், கணக்கியலைப் பற்றி நீயாக ஆசைப்பட்டு எப்போதாவது ஒரு வரி எழுதியிருக்கிறாயா என்று உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். இல்லை. கல்லைப் பற்றி எத்தனையோ கடிதங்களில் இருக்கிறது. நான் அவற்றைத் தேதிவாரியாக அடுக்கித்தான் வைத்திருந்தேன்.

லாரி ஓட்டுநர் தபால் பையோடு வந்து நின்றார். “என்ன ஸ்டோர்காரரே, பேனாவுல மை தீந்துபோச்சா?”

கையெழுத்து மட்டும் போட்டேன். மூன்று கட்டமும் காலி. கோடு இல்லை. இப்படி ஒரு தாள் என் கையிலிருந்து இதுவரை வெளியே போனதில்லை. உறையில் வைத்த பிறகும் கோடு போடக் கை குறுகுறுக்கிறது.

அம்மாவிடம் நீயே சொல். அது என் வேலை இல்லை.

அப்பா

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

படிவம் நேற்று வந்தது. இன்று கொடுத்துவிட்டேன்.

முதலில் அம்மாவிடம் காட்டினேன். கட்டங்களைப் பார்த்தாள், கையெழுத்தைப் பார்த்தாள். “கோடு போடாமயா அனுப்பிச்சாரு? உடம்பு கிடம்பு சரியில்லையாடி அவருக்கு?” என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சூட்டில் சிவந்த கைகளைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். “எனக்குத் துணைக்கு ஆள் வேணும்னா உங்கப்பாவ வரச் சொல்லு. நீ என்ன எனக்குக் காவலா?” என்றாள். கையைத் துடைத்துக்கொண்டே, “பதினாலு மணி நேரமா... ஏறினதும் படுத்துடு. அன்னிக்காவது தூங்கு” என்றாள்.

உங்கள் ஸ்டோர்ப் பதிவேட்டில் குறித்து வைத்துக்கொள்ள, படிவத்தில் எழுதியது இது. முதல் கட்டம், தூரத்துக் கல்லூரி, நிலவியல். இரண்டாவது, நம் ஊர்க் கல்லூரி, கணக்கியல். நிலவியலில் இடம் கிடைக்காவிட்டால் அதைத்தான் படிப்பேன். மூன்றாவதில் எழுத என்னிடம் எதுவும் இல்லை. குறுக்குக்கோடு இழுத்து, இரு முனையிலும் சுருக்கொப்பம் வைத்தேன். உங்களுடையது போல நேராக வரவில்லை.

எழுத்தர் அதைப் பார்த்துவிட்டு, “ஓ, இது பரம்பரையா?” என்றார். ஆமாம் என்றேன்.

இன்று பயிற்சி வகுப்புக்குப் போகவில்லை. தூங்கப் போகிறேன்.

எலிக்குட்டி