சொந்த விருப்பத்தின் பேரில்

ஜனவரி 8, திங்கள்

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தமிழ்த் தாள்கள் நாற்பத்தொன்றையும் திருத்தி முடித்தேன். கட்டுரைத் தலைப்பு, 'எங்கள் பள்ளி'. என் வகுப்பின் பின்வரிசை வாயாடி எழுதியிருக்கிறாள்: "எங்கள் பல்லி மிகப் பெரியது. எங்கள் பல்லிக்குள் முப்பது ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மழை பெய்தால் பல்லி ஒழுகும்."

ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கூரை ஒழுகுகிறது என்று எழுதியவள் அவள் ஒருத்திதான். மற்ற நாற்பதும் ஒரே நோட்ஸிலிருந்து வந்த, பிழையே இல்லாத பொய்.

மதிப்பெண் இருபத்தெட்டு. தேர்ச்சிக்கு ஏழு குறைகிறது.

ஜனவரி 10, புதன்

தலைமையாசிரியை கூப்பிட்டார். மேசையில் ஓர் அச்சடித்த விண்ணப்பம். வாயாடியின் பெயர் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது. "சொந்த விருப்பத்தின் பேரில் பள்ளியிலிருந்து விலகி, தனித்தேர்வராகப் பொதுத்தேர்வு எழுதுகிறேன்." கீழே மாணவி, பெற்றோர், வகுப்பாசிரியர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஏழு வருஷமா நூத்துக்கு நூறு பாஸும்மா. வாசல்ல போர்டே வச்சிருக்கோம். ஒரு பொண்ணுக்காக அத இறக்கச் சொல்றீங்களா?"

"அவ விருப்பப்பட்டாளா மேடம்?"

"கேட்டா விருப்பப்படுவா."

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். ஜூனில் என் வேலை நிரந்தரமாக வேண்டும். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

ஜனவரி 11

"டீச்சர், அந்தப் பொண்ணு என் பேப்பர்ல வாங்குனது பதினாறு. இதுக்குப் போய் ஏன் தலையக் குடுக்கறீங்க?" என்றார் கணக்கு சார்.

"பதினாறுக்கு அவ மட்டும்தான் காரணமா சார்?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கேட்டிருக்க வேண்டாமோ?

இல்லை. கேட்டது கேட்டதுதான்.

வீட்டில் அம்மா: "வேல நிரந்தரமாகற வரைக்கும் வாய மூடிட்டு இருந்தா குறைஞ்சா போயிடுவ?" ஆறு மாதம் மூடி வைத்த வாய் அப்புறம் தானாகத் திறக்குமா என்ன?

ஜனவரி 22, திங்கள்

இன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு வாயாடிக்கும் எனக்கும் தனி வகுப்பு.

"நாக்கு பல்லுக்குப் பக்கத்துல நின்னா பல்லி. மடிஞ்சு மேல போனா பள்ளி. சொல்லு."

சொன்னாள். திரும்பச் சொன்னாள். "இத ஆறாங் கிளாஸ்லயே யாராவது சொல்லியிருந்தா, நான் இந்நேரம் உங்க வேலைக்கே வந்திருப்பேன் மிஸ்."

கொழுப்பு. ஆனால் சொன்னது சரிதான். யாரும் ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 2, வெள்ளி

என்னைத் தாண்டி அவள் அம்மாவை வரவழைத்துவிட்டார் தலைமையாசிரியை. அவர் வந்த பிறகுதான் மகளையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். தையல்காரி, கழுத்தில் டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். விண்ணப்பத்தைக் கொடுத்து, "இங்க ஒரு கையெழுத்து" என்றதும், வாங்கி மகளிடம் நீட்டினார். "எனக்குப் படிக்க வராது. நீ படிடி."

வாயாடி எழுத்துக் கூட்டிப் படித்தாள். மெதுவாக, ஆனால் ஒரு எழுத்தும் விடாமல். 'சொந்த விருப்பத்தின் பேரில்' வந்ததும் நிறுத்தி நிமிர்ந்தாள்.

"இது யாரோட விருப்பம் மேடம்?"

அம்மாக்காரி மகளைப் பார்த்தார். "உனக்கு விருப்பமாடி?"

"இல்லம்மா."

"அப்போ கெளம்பு. தைக்கற துணி மிஷின்லயே கெடக்கு."

அவர்கள் போனபின் தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லிக்குடுத்ததா?"

"ஆமா மேடம். படிக்கச் சொல்லிக்குடுத்தேன்."

பிப்ரவரி 3

தூக்கம் வரவில்லை. வருத்தத்தால் அல்ல.

மே 10, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. தமிழில் நாற்பத்தேழு. கணக்கில் இருபத்தொன்பது. போய்விட்டது.

மதியத்துக்குள் வாசல் போர்டை இறக்கிவிட்டார்கள். மாலையில் எனக்கு ஒரு கடிதம்: பணி நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிவைப்பு, ஜூனிலிருந்து ஆறாம் வகுப்பு. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் பண்ணது தப்பா? தனித்தேர்வராக எழுதியிருந்தாலும் தோற்றிருப்பாள். ஆனால் அப்போது அவள் தோற்றது இங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. அதற்குத்தானே அந்தத் தாள்? இப்போது எல்லோருக்கும் தெரியும். தெரியட்டும்.

எட்டு மணிக்கு அவளே போன் செய்தாள். "மிஸ், கணக்கு காலி. நீங்க அழாதீங்க. மறுதேர்வு விண்ணப்பத்த நானே நிரப்பிட்டேன். ஒரு தடவ பாத்துக் குடுங்க."

மே 13

பார்த்தேன். ஒரே ஒரு பிழை. சுழித்துக் காட்டினேன். அவளே திருத்தினாள்.

ஜூன் 5

காலை எட்டு மணி. மாடி வகுப்பறையில் விளக்கு எரிந்தது. கணக்கு சாரின் குரல்: "மறுபடியும் அதே தப்பா? சரி, முதல்லேருந்து வா." பதிலுக்கு வாயாடியின் குரல். நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் வெட்கப்படுவார்.

ஜூன் 27, வியாழன்

நாளை அவளுக்குக் கணக்கு மறுதேர்வு. அரைநாள் விடுப்புக் கேட்டேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'தலைவலி' என்று எழுதப்போன பேனாவை நிறுத்தி, 'மாணவியுடன் தேர்வு மையம் வரை செல்ல' என்று எழுதிக் கொடுத்தேன்.

தலைமையாசிரியை படித்தார்.

"பரீட்சை எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு மேடம்."

கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

"எட்டரைக்கே அவ வீட்டுக்குப் போயிடுங்க. அந்தப் பொண்ணு எப்பவும் லேட்டு."