ஒரு சிட்டிகை கூடுதல் புதினா உப்பு

மதினி,

இன்று காலையில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ப் புதினா உப்பு வாங்கினேன். கடைக்காரர் பழைய காலண்டர் தாளில் ஒரு தேக்கரண்டி அளவு கொட்டி மடித்துக் கொடுத்தார். "மூட்டு வலியா ஆத்தா?" என்று கேட்டார். பிஸ்கட்டுக்கு என்றால் நம்பவா போகிறார்? ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் பையில் இருந்த கத்தரிக்காய், கொத்தமல்லி எல்லாவற்றிலும் அந்த வாசம் ஏறிவிட்டது. அடுப்படியில் பொட்டலத்தைப் பிரித்ததும் மூக்குக்குள் சில்லென்று பாய்ந்தது. உடனே நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர்ப் பக்கம் திரும்பி, உங்களைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. என் வாய்க்கு அது இன்னும் தெரியவில்லை.

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். நான் உங்களுக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை நேற்று உடைத்துவிட்டேன். உங்கள் மகள் ஷீபாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவதற்கு முன் முழுக்கக் கேளுங்கள். நான் எதைச் சொன்னாலும் பாதியில் எழுந்து போவது உங்கள் வழக்கம். இப்போதாவது உட்காருங்கள்.

ஊரே முகத்தை மூடிக்கொண்டு திரிந்த அந்தக் காய்ச்சல் நம் இருவரையும் ஒரே வாரத்தில் படுக்கப் போட்டது. எனக்கு இரண்டு மாதம் இருமல் இருந்து போய்விட்டது. உங்களுக்கு என்ன போனது என்பது ஆறு மாதம் வரை எனக்கே தெரியாது. ஒருநாள் உங்கள் அடுப்படியிலிருந்து பால் தீய்ந்த நாற்றம் என் வாசல் வரை வந்தது. வீட்டில் யாரும் இல்லையோ என்று ஓடிவந்தால், அடுப்புக்கு இரண்டு முழத் தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். "மதினி, பால்!" என்று கத்தினேன். எழுந்து அடுப்பை அணைத்தீர்கள். பிறகு சுவரோரமாக அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

"எனக்கு வாசமே தெரியல மதினி. காய்ச்சலோட போனதுதான், திரும்ப வரல. சோத்தத் தின்னாலும் மண்ணத் தின்னாலும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றீர்கள். நானும் உங்களுக்கு மதினிதானே.

வேறு யாருக்காவது மூக்குப் போனால் அது ஒரு நோய். உங்களுக்குப் போனது பிழைப்பு. மலையிலிருந்து ஏலக்காய் கொண்டுவருகிறவர்கள் உங்கள் கடையில் மூட்டையை இறக்கியதும் உங்கள் வீட்டுக்கார அண்ணனின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஒரு கை அள்ளி மூக்கருகே பிடித்து, "காய வைக்கையில சூடு கூடிப்போச்சு, புகை ஏறியிருக்கு" என்பீர்கள். அதற்கு மேல் பேச்சில்லை. கடைவீதியில் உங்களுக்கு மூக்குக்கார அக்கா என்றே பெயர். அந்த ஆறு மாதமும் கண்ணால் நிறத்தைப் பார்த்து, கையில் குலுக்கிச் சத்தத்தைக் கேட்டு, ஒப்புக்கு மூக்கருகே கொண்டுபோய் ஊரை ஏமாற்றியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. ஒரு சுவர்தானே நடுவில், என்னிடம் சொல்லக் கூடாதா?

"யாருட்டயும் சொல்லிராதீங்க. உங்க அண்ணன்ட்டயும் வேணாம். ஷீபாகிட்ட மூச்சு விடக்கூடாது. அங்க கனடாவுல இருந்துக்கிட்டு லீவு கெடைக்காம அழுதுக்கிட்டுக் கெடப்பா" என்றீர்கள். சரி என்றேன். அது போதவில்லை உங்களுக்கு. "உங்க மாரியாத்தா மேல சத்தியம் பண்ணுங்க. எங்க மாதா மேல வேணாம், மாதா மேல உங்களுக்குப் பயம் இருக்காது." நான் சிரித்துக்கொண்டேதான் சத்தியம் செய்தேன்.

அடுத்த மாதமே கிறிஸ்துமஸ் வந்தது. வழக்கமாக உங்கள் வீட்டிலிருந்து முப்பது வீடுகளுக்குத் தட்டுப் போகும். அதிரசம், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, கேக். அந்த வருடம் உங்களுக்குப் புதிதாக ஒரு கிறுக்குப் பிடித்தது. கனடாவில் உங்கள் பேரனுக்குக் கிறிஸ்துமஸ் என்றாலே ஒரு பிஸ்கட்டுதானாம். வெண்ணெய் பிஸ்கட்டைப் பாதி வரை சாக்லேட்டில் முக்கி, மேலே பெப்பர்மின்ட் மிட்டாயை நொறுக்கித் தூவியது. ஷீபா செல்போனில் படமும் செய்முறையும் அனுப்பியிருந்தாள், அடுத்த வருடம் வருவதாகவும் சொல்லியிருந்தாள். "புள்ள இங்க வந்து அதிரசமா திங்கப் போவுது? அது திங்கிறதச் செஞ்சு பழகிக்குவோம்" என்றீர்கள்.

பெப்பர்மின்ட் எசென்ஸ் கேட்டுப் போடியில் நான்கு கடை ஏறி இறங்கினோம். கிடைக்கவில்லை. பெப்பர்மின்ட் என்றால் புதினாதானே, நம் நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு இருக்கிறதே என்று கண்டுபிடித்தவர் நீங்கள்தான். பிஸ்கட்டை உங்கள் ஓவனில் சுட்டு எடுத்துவிட்டோம். சாக்லேட்டுத்தான் வம்பு செய்தது. மார்கழியிலும் நம் ஊரில் அது இறுகாமல் கையில் பிசுபிசுத்தது. பிரிட்ஜில் வைத்தால் இறுகியது, வெளியே எடுத்ததும் வியர்த்து வெள்ளை பூத்தது. "மேல தூக்கிட்டுப் போயிருவோம்" என்றீர்கள். போடிமெட்டுக்குப் பக்கத்தில் உங்களுக்கு ஏலத்தோட்டமும், காய் உலர்த்தும் கட்டடத்தை ஒட்டி ஓர் அறையும் இருந்தன. அங்கே வைத்தால் குளிரே இறுக்கிக் கொடுத்துவிடும்.

உலகத்தில் பிஸ்கட்டுக்குச் சாக்லேட் பூசுவதற்காக ஜீப்பில் மலை ஏறியவர்கள் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். தோட்ட வேலைக்குப் போகும் பெண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மடியில் ஆளுக்கு இரண்டு டப்பா. ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பு சாயும்போது டப்பாக்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம். எதிரே இருந்த பெண் சிரித்தாள். "என்னக்கா, புள்ளயத் தூக்கி வச்ச மாதிரி வச்சிருக்கீங்க?"

"புள்ளைக்குத்தான்" என்றீர்கள்.

அந்த அறையில் விறகடுப்பில் வெந்நீர் வைத்து, அதன்மேல் பாத்திரத்தில் சாக்லேட்டை உருக்கினோம். ஒரு சிட்டிகை புதினா உப்பைப் போட்டுக் கலக்கி, ருசி பார்க்க என்னிடம் கரண்டியை நீட்டினீர்கள். அளவு சரியாக இருந்தது. பிறகு என்ன நினைத்தீர்களோ, கரண்டி நுனியை நீங்களும் நாக்கில் வைத்துக்கொண்டீர்கள். அப்படியே நின்றுவிட்டீர்கள்.

"மதினி... குளுருது."

"வெளிய காத்து அப்படி அடிக்கிது, குளுராம என்ன செய்யும்?"

"அதில்ல மதினி. வாயில. வாயில குளுருது!"

மூக்குப் போனாலும் புதினா உப்பின் குளிர்ச்சி மட்டும் போகாது என்று பிற்பாடு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டோம். அன்று நமக்கு அது தெரியாது. புதினா உப்பு மருந்தாக வேலை செய்கிறது, வாசம் திரும்புகிறது என்றே நினைத்தீர்கள். இன்னொரு சிட்டிகை போட்டீர்கள். நாக்கில் வைத்தீர்கள். இன்னும் ஒன்று. பிறகு பொட்டலத்தையே கவிழ்த்துவிட்டீர்கள். வெளியே ஓடிப்போய் வாயைத் திறந்து காற்றை இழுத்தீர்கள், சிறுபிள்ளை மாதிரி குதித்தீர்கள். திரும்பி வந்து, "எப்படி இருக்கு? சரியா இருக்குல்ல?" என்று கேட்டீர்கள். என் தொண்டை எரிந்தது. இரண்டு கண்ணிலும் தண்ணீர். ஏழு மாதத்துக்குப் பிறகு வாயில் ஏதோ ஒன்று தெரிந்த உங்கள் முகத்தைப் பார்த்தேன். "அருமையா இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அதன் பலனை ஊரே அனுபவித்தது. உங்கள் சர்ச்சுப் பங்குச்சாமி ஒன்றைக் கடித்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தாராம். எதிர்வீட்டு அம்மா தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "தைலம் எதுவும் சிந்திருச்சாக்கா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் மட்டும், "நெஞ்சுச் சளிக்கு நல்லா கேக்குது, இன்னொண்ணு கொண்டா" என்றார். அவர் எதைக் கொடுத்தாலும் தின்பார், விடுங்கள். ஆனால் மறுநாள் உங்கள் கடையில் காய் போட வந்தவர், பத்துப் பேர் முன்னால் சிரித்துக்கொண்டே கேட்டார். "ஏன்க்கா, இம்புட்டு நெடி உங்க மூக்குக்குத் தெரியாமயா போச்சு?" கையில் ஏலக்காயோடு நின்ற உங்கள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன்.

"நான்தேன் போட்டேன். கண்ணாடி போடாம அளந்துட்டேன், இப்ப அதுக்கென்ன?" என்று அவர்மேல் பாய்ந்தேன். பொங்கல் வரை கடைவீதியில் எனக்குத் தைலக்காரி என்று பெயர்.

நீங்கள் எனக்கு நன்றி சொல்வீர்கள் என்று நினைத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து வாசலிலேயே நின்றீர்கள்.

"உங்க நாக்கத்தான மதினி நம்பிக்கிட்டு இருக்கேன்? நீங்களே பொய் சொன்னா நான் யாருட்டப் போவேன்?"

எனக்குச் சுருக்கென்றது. பாசத்தில் சொன்ன பொய்தான் அது. அதன் பிறகு உங்களிடம் ருசி விஷயத்தில் நான் பொய் சொன்னதே இல்லை.

நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் விட மாட்டீர்கள். "நல்லாருக்குன்னா? எப்படி நல்லாருக்கு? வெவரமாச் சொல்லுங்க" என்பீர்கள். அதுவரை எனக்கு ரசம் என்றால் ரசம், காபி என்றால் காபி. உங்களுக்குச் சொல்வதற்காக வாயில் வைத்ததை மெதுவாகத் தேடிப் பார்க்கப் பழகினேன். காலையில் உங்கள் கடைக்கு வந்து, யாரும் இல்லாத நேரத்தில் மூட்டை மூட்டையாக முகர்ந்து காதில் சொல்லிவிட்டுப் போவேன். "அடுப்படியில என் சோலிய யாரு பாப்பா?" என்று முனகிக்கொண்டேதான் செய்தேன். அந்த நான்கு வருடம்போல் நான் யாருக்கும் உபயோகமாக இருந்ததில்லை, மதினி.

ஒவ்வொரு டிசம்பரும் மலைக்குப் போனோம். ஊருக்கு என் நாக்கின் அளவில் சாக்லேட். அது முடிந்ததும் மீதியில் ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை கூட்டிப் போட்டு, உங்களுக்கென்று தனியாக ஒரு டப்பா. அதைப் பிரிட்ஜில் ஒளித்து வைத்து மாதக்கணக்கில் தின்பீர்கள். அது ஒன்றுதான் உங்களுக்கு வாயில் தெரிந்தது. ஷீபா ஒவ்வொரு வருடமும் வருகிறேன் என்றாள். கோடை விடுமுறையில் வந்தாள். கிறிஸ்துமஸுக்கு ஒருமுறைகூட வர முடியவில்லை. பிஸ்கட்டைப் படம் எடுத்து அனுப்புவீர்கள், அவ்வளவுதான்.

மார்ச் மாதம் ஒரு மதியம், கடையில் உட்கார்ந்த நாற்காலியிலேயே போய்விட்டீர்கள். ஷீபா வந்து சேர ஒன்றரை நாள் ஆயிற்று. காரியமெல்லாம் முடிந்த பிறகு பிரிட்ஜைத் திறந்து அந்த டப்பாவை எடுத்தாள். பாதி மீதியிருந்தது. "அம்மா கையால செஞ்சது" என்று சொல்லி, துணிக்கு நடுவில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். அது உங்கள் தனி டப்பா என்று எனக்குத் தெரியும். மாரியாத்தாவை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று கூப்பிட்டாள். போனில் முகம் வீங்கித் தெரிந்தது. "அம்மா அளவுலயே பிஸ்கட் செஞ்சேன் அத்தை. டப்பாவுல கடைசியா ஒண்ணு மிச்சம் வச்சிருந்தேன், அதத் தின்னு பாத்துத்தான் அளந்தேன். புள்ள துப்பிட்டான். இதுதான்டா அம்மாச்சியோட ருசி, தின்னுன்னு அதட்டினேன். எனக்கு இது வேண்டாம், அம்மாச்சியும் வேண்டாம்னு அழுறான். அம்மா பக்குவம் எனக்குத்தான் வரலையா அத்தை?"

சொல்லுங்கள் மதினி, நான் என்ன செய்யட்டும்? நீங்கள் யாருக்காக ஜீப்பில் டப்பாவைக் கட்டிக்கொண்டு போனீர்களோ, அந்தப் பிள்ளை உங்களை வேண்டாம் என்கிறான். நான் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு பேசாமல் இருந்தால், நாளைக்கும் அவள் அதட்டித் திணிப்பாள். அவன் உங்களை வெறுத்துக்கொண்டே வளர்வான்.

எல்லாவற்றையும் சொன்னேன். பால் தீய்ந்தது, சத்தியம், மலை, தைலக்காரி, தனி டப்பா. புள்ளைக்கு என் அளவில் செய்து கொடு என்று அதையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"போன வருசம் ஆகஸ்டு மாசம் நான் கனடாவுக்குக் கெளம்பையில, வாசல்ல வச்சு அம்மா என்னைய உச்சி மோந்தாங்களே அத்தை. அப்பவும் அவங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

இதற்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உங்களிடம் பொய் சொல்லாத நாக்கால் உங்கள் மகளிடமும் பொய் சொல்லவில்லை.

"அடியே, ரசம் கொதிச்சாலும் என்னையத்தான் கேப்பாங்க. சேலை முக்கல் வாடை அடிக்கிதா, பூவு மணக்குதா, எல்லாத்துக்கும் நான்தேன் சொல்லணும். அன்னைக்கு உன்னைய மோந்துட்டு உள்ள வந்தாங்க. நானும் கேப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். உன்னையப் பத்தி மட்டும் ஒண்ணுமே கேக்கலடி."

அதற்குத்தான் அழுதாள். நானும் அழுதேன்.

சத்தியத்தை உடைத்ததற்கு மாரியாத்தா கண்ணைக் குத்தினால் குத்திக்கொள்ளட்டும், உங்கள் கணக்கில் மன்னிப்பு இருந்தால் போதும். நாளைக் காலை ஜீப்பில் நான் மட்டும் மலைக்குப் போகிறேன். ஊருக்கு ஒரு டப்பா போதும். உங்களுக்கென்று கூட்டிப் போடுவேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

மதியம் என் வீட்டுக்காரர் தேவாரம் ஊர்த் தோட்டத்திலிருந்து கொய்யாப்பழம் கொண்டுவந்தார். ஒன்றைக் கடித்தேன். முதலில் துவர்ப்பு, பிறகு கிணற்றடி ஈரம் மாதிரி ஒரு வாசம், விதை பல்லில் அரைபட்ட பிறகுதான் இனிப்பு என்று எனக்குள் சொல்லிக்கொண்டே தின்றேன். முன்பெல்லாம் கொய்யா என்றால் எனக்கு வெறும் கொய்யாதான். உங்களுக்காகப் பழகிய நாக்கு இது, இனி மாறாது. நீங்கள் இல்லாமலும் எல்லாம் ருசியாகத்தான் இருக்கிறது, மதினி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.